ஓய்வு பெற்ற ஸ்பிரேயர்

என் மகனுக்கு,

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, ஒரே அடுப்பில் பொங்கியதைச் சாப்பிட்டுக்கொண்டு, பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறவளைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். காலையில் நீ காய்க் கூடைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குக் கிளம்பின பிறகுதான் பேனாவைத் தேடினேன். இருபத்தெட்டு வருஷம் சத்துணவுக் கூடத்தில் பதிவேடு எழுதின கை இது, நாலு பக்கம் எழுத முடியாமலா போய்விடும் என்று உட்கார்ந்தேன். முதல் வரி வருவதற்குள் ஒரு உலை அரிசி குழைந்துவிட்டது. நேரிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். மூன்று தடவை சொல்ல வந்தேன். மூன்று தடவையும் குரல் உடைந்தது. நீயும் உடனே, எதுவானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டாய். நான் அழுதால் என்ன ஏது என்று கேட்காமலே மன்னித்துவிடுகிற பிள்ளை நீ. இந்த விஷயத்தில் எனக்கு அது வேண்டாம். முதலில் முழுசாகத் தெரிந்துகொள். அதற்குரிய கோபத்தை முழுசாகப் படு. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நம் தோட்டத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். வேனில் வந்து, கேரட்டைப் பிடுங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற கூட்டம் இல்லை இது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பன்னிரண்டு விவசாயிகள். போன ஐப்பசியில் மற்றவர்கள் தோட்டத்து உருளைக்கிழங்கெல்லாம் கருகல் நோயில் பாதி போனபோது, மருந்தே படாமல் நம் மேல் அடுக்கு நிலத்தில் மட்டும் கிழங்கு எப்படி நின்றது என்று உன் வாயால் கேட்கத்தான் வருகிறார்கள். கேட்டுவிட்டு, இந்த ஆவணியில் நடப்போகிற கிழங்குக்கு அவர்களும் மருந்தை நிறுத்தப் போகிறார்கள். அவர்கள் வந்து உட்காருவதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அந்தக் கிழங்குக்கு மருந்து பட்டது. அடித்தவள் நான்.

இந்த இடத்தில் கடிதத்தை வைத்துவிட்டு வெளியே போவாய் என்று தெரியும். போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வா. மீதியையும் படிக்கத்தான் வேண்டும்.

அடித்தேன் என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டால் நான் ஏதோ புத்தி பிசகிச் செய்துவிட்டேன் என்று நினைப்பாய். அப்படி இல்லை என்பதற்காகப் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன், உனக்குப் பாதிதான் தெரியும். உனக்கு அப்போது பதினொரு வயது. காய்ச்சலில் கிடந்து பிழைத்தாய். பழனிக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். நாள் குறித்துக் கிளம்புகிற அன்று காலையில் மஞ்சு இறங்கியது. பனிமூட்டத்தில் வெயிலைக் காணோம், இலை நுனியில் தண்ணீர் காயாமல் நிற்கிறது. உங்கப்பா வானத்தைப் பார்த்தார், கிழங்கைப் பார்த்தார். இன்றைக்கு மருந்தை அடித்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்றார். நான்தான் கேட்கவில்லை. சாமி காரியத்தைத் தள்ளிப்போட்டால் பிள்ளைக்கு மறுபடியும் ஏதாவது ஆகிவிடும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மூவரும் போனோம். கூட்டம், அது இது என்று மூன்று நாள் ஆகிவிட்டது. திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அந்த அழுகல் நாற்றம் வந்தது. கருகல் விழுந்த கிழங்குத் தோட்டத்தின் நாற்றம் உனக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் பஞ்சாமிர்த டப்பாவோடு வரப்பில் நின்றோம். பச்சையாக விட்டுப்போனது அத்தனையும் கறுத்துப் படுத்துக் கிடந்தது. உங்கப்பா என்னை வையாமல் குனிந்து செடியைப் பிடுங்க ஆரம்பித்தார். வைதிருந்தால் தேவலை.

அந்த வருஷந்தான் உன்னை டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போட்டோம். நீ ஏன் என்று கேட்கவில்லை. யூனிபார்மைத் தம்பி முறைப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தபோதும் பேசாமல் இருந்தாய். டையை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று மடித்து உன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாய். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் துடைக்கும்போது பார்க்கிறேன். மஞ்சு இறங்கினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்று அன்றைக்கு எனக்குள் ஏறியது இறங்கவே இல்லை. உங்கப்பா போன பிறகு அந்த ஸ்பிரேயரை முதுகில் மாட்டினவள் நான்தானே. ஆம்பிளைகள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பட்டை அறுத்த தழும்பு இரண்டு தோளிலும் இருக்கிறது. பாறை மாதிரி நின்று உன்னைப் படிக்க வைத்தேன் என்று நீ வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாய். பாறையும் இல்லை, ஒன்றும் இல்லை. பயந்துபோய் மருந்தடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் நீ கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்தாய். இனிமேல் நம் மண்ணில் ஒரு சொட்டு விஷம் விழாது என்றாய். ஸ்பிரேயரைத் தூக்கிக் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாய். கீழே ஒரு கரும்பலகைத் துண்டு தொங்கவிட்டு, 'ஓய்வு பெற்று' என்று பெயிண்டில் எழுதி, கொஞ்சம் இடம் விட்டு, 'ஆகிறது' என்று முடித்தாய். நடுவில் மட்டும் சாக்பீஸ். ஒவ்வொரு பொங்கலுக்கும் பழையதை அழித்துவிட்டு ஒரு வருஷத்தைக் கூட்டி எழுதுவாய். இப்போது 'ஏழு ஆண்டுகள்' என்று இருக்கிறது. தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கத்தான் ஆசை. எனக்கு உன் விவசாயத்தில் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். கேரட்டும் பீன்ஸும் பூண்டும் நன்றாகத்தான் வந்தன. டவுனில் பெரிய மனுஷர்கள் வீட்டு வாசலில் உன் கூடைக்குக் காத்திருந்தார்கள். ஆனால் கிழங்கு என்று வந்தால் மட்டும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். நீயும் அதனால்தான் ஆறு வருஷம் கிழங்கு பக்கமே போகவில்லை என்று நினைக்கிறேன். போன வருஷம்தான் தைரியம் வந்து மேல் அடுக்கில் நட்டாய்.

ஐப்பசியில் மஞ்சு இறங்கியது. அன்றைக்குத்தான் நீ தாண்டிக்குடியில் காபித் தோட்டக்காரர்கள் கூட்டத்தில் பேசக் கிளம்பினாய், மூன்று நாள் வேலை. "புளிச்ச மோர்க் கரைசல் அடிச்சாச்சும்மா, இனிமே பயிரு அதுவா தாக்குப் பிடிக்கும், நீ கம்முனு இரு" என்று சொல்லிவிட்டுப் போனாய். கம்மென்று இருக்கிற ஜென்மமா நான்? பகல் முழுக்க வரப்பில் நின்றேன். சாயங்காலம் ஒரு செடியில், அடி இலையில், ஓரமாகக் காபிப்பொடி நிறத்தில் ஒரு புள்ளி. திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பூசணம். ஒரே ஒரு இலை. அந்த ஒரு இலையைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கொடைக்கானல் போனேன். பஜாரில் நம் பழைய பூச்சிமருந்துக்கடை. பாய் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். தம்பி இந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுப்பதில்லையே, நல்லா இருக்கா என்று விசாரித்தார். என் அண்ணன் தோட்டத்துக்கு மருந்து வேண்டும் என்று கூசாமல் சொன்னேன். எடுத்துக் கொடுத்தார். ஸ்பிரேயருக்கு ஒரு ரப்பர் வாஷரும் வேண்டும் என்றேன். புதுசுக்கா பழசுக்கா என்றார். பழசுக்கு என்றேன். அவர் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். பிறகு வேறொன்றும் கேட்காமல், "அடிச்சு பத்து நாளைக்கு மண்ணைத் தோண்டிராதீங்கம்மா, மூக்கைக் கட்டிக்கிட்டு அடிங்க" என்று சொல்லிப் பொட்டலத்தைக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அந்த மனுஷன் இன்று வரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த நாள் வெள்ளனே எழுந்து, உன் காட்சிப்பொருளை ஆணியிலிருந்து கழற்றினேன். காய்ந்து வெடித்துப்போன வாஷரை மாற்றினேன். உங்கப்பா வேட்டித் துணியை மூக்கில் கட்டிக்கொண்டேன். மஞ்சில் பக்கத்துச் செடியே தெரியவில்லை, என்னை யாருக்குத் தெரியப்போகிறது? அறுபத்து மூன்று வயதில் ஏழு டேங்க் அடித்தேன். கை மறக்கவில்லை, ஒரு இலை விடாமல் அடியும் மேலும் நனைத்தேன். முடித்துவிட்டு ஸ்பிரேயரைக் கழுவி அதே ஆணியில் மாட்டினேன். சுத்தமாக இருந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று அடுப்புச் சாம்பலை எடுத்து ஊதித் தூசி மாதிரிப் படிய வைத்தேன். திருட்டுத்தனத்தில் உன் அம்மா இவ்வளவு கெட்டிக்காரி என்று உனக்கு இத்தனை நாளும் தெரியாது, பார்.

பாசத்தில் செய்தேன் என்று இதற்குப் பெயர் வைத்து நீ என்னைத் தப்பவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாசம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிதாக, நான் உன்னை நம்பவில்லை. ஏழு வருஷம் உன் பேச்சுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு, காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு, மனசுக்குள், பையன் விளையாடுகிறான், விழும்போது நாம் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருக்கிறேன். கிழங்கு நின்றது. மஞ்சு விலகி வெயில் வந்தபோது மேல் அடுக்கு பச்சைப்பசேல் என்று கிடந்தது. நீ தாண்டிக்குடியிலிருந்து வந்து வரப்பில் குதித்தாய், நிஜமாகவே குதித்தாய். "எம்மா, மோரு கேட்டுருச்சும்மா" என்று என்னைக் கட்டிக்கொண்டாய். அப்போது எனக்கு வெட்கம் வரவில்லை, அதுதான் கொடுமை. உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது. பெற்றவள் இல்லாமல் நீ எங்கே என்கிற மமதை. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மார்கழியில் தோண்டினோம். தையில் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் தோட்டம் பார்க்க வந்தது ஞாபகம் இருக்கிறதா? சின்னப் பெண், இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. நீ வழக்கம்போல எரு மேடு, மண்புழுத் தொட்டி, மோர்க் கரைசல் டிரம் எல்லாம் காட்டிவிட்டுக் கொட்டகைக்குக் கூட்டி வந்தாய். அவள் ஒரு கிழங்கை எடுத்து முகர்ந்து பார்த்தாள். இதை மசித்துப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, இன்னும் சோறு கொடுக்க ஆரம்பிக்கவில்லை, இதுதான் முதல் சாப்பாடு என்று கேட்டாள். நீ சுவரில் தொங்கிய ஸ்பிரேயரைக் காட்டினாய். "கண்ண மூடிக்கிட்டுக் குடுங்கக்கா. ஏழு வருசமா இதுல தண்ணி கூட ஊத்தல" என்றாய். நான் காபித் தட்டோடு உன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பாய் சொன்ன பத்து நாள் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகியும் இருக்காது. ஆனால் ஒரு தாய் உன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், நீ அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாய். பொய் என்று உனக்கே தெரியாமல் சொல்ல வைத்தவள் பின்னால் தட்டோடு நின்றாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கோழைத்தனம், வேறென்ன. கூடை போய்விடுமே, பேர் போய்விடுமே, உனக்குப் பெண் பார்க்கிற நேரமாயிற்றே என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் கிடைத்தது.

நான் பேசாமல் இருந்ததற்கு விலை கொடுத்தவன் முத்தையா. நம் நிலத்துக்குக் கீழே அவன் நிலம், நம் வரப்புத் தண்ணீர்தான் அவன் தோட்டத்துக்கு இறங்குகிறது. உன்னைத் தூக்கி வளர்த்தவன், சித்தப்பா என்றுதான் அவனைக் கூப்பிடுகிறாய். நம் கிழங்கைப் பார்த்துவிட்டு வைகாசியில் அவனும் நட்டான். மருந்து வாங்கவே இல்லை. நீ சொன்ன கணக்குப்படி மோர் புளிக்க வைத்து அடித்தான். நீ அந்த நேரம் மேல் அடுக்கில் பீன்ஸ் போட்டிருந்தாய், கிழங்கு மேல் கிழங்கு வைக்கக் கூடாது என்பது உன் வழக்கம். அதனால் ஆடியில் மஞ்சு நின்றபோது அவன் கிழங்கு மட்டும்தான் தனியாக அதற்கு முகம் கொடுத்தது. நாலே நாள், முடிந்துவிட்டது. நீ போய்ப் பார்த்தாய், நானும் கூட வந்தேன். மோர் சரியாகப் புளித்திருக்காது சித்தப்பா, பக்குவத்தில்தான் எங்கோ தப்பு என்று சொன்னாய். முத்தையா தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கும்யா. நாந்தான் ஒரு நா முந்தியே எடுத்துட்டேன் போல" என்றான். செய்யாத தப்பைத் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொண்டு நின்றான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பெண்டாட்டி பேச்சி இப்போது முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய் லாட்ஜில் ரூம் கழுவுகிறாள். தினமும் நம் வாசலைத் தாண்டித்தான் போகிறாள். "வாரேன் மதினி" என்று சொல்லாமல் போகமாட்டாள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் கை வேலை ஓடாது.

போன வாரம் நீ வந்து, ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் வருகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஒரு முத்தையாவோடு இது நிற்கப்போவதில்லை. நேற்று நீ பூண்டு நிழல்காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குத்தான் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவனிடம் சொன்னது தப்போ சரியோ தெரியவில்லை. அடிபட்டவன் அவன், அவனுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று பட்டது.

அவன் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சு, பாய் கடை, ஏழு டேங்க், சாம்பல் உட்பட எதையும் விடவில்லை. அவன் செதுக்குவதை நிறுத்தவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. முடித்த பிறகும் நாலைந்து சீவல் சீவினான். வைவான், விரட்டுவான் என்று நின்றேன். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டான்.

"அப்ப அந்த மோரு கேக்குமா கேக்காதா மதினி?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. நான் பார்த்த அந்த ஒரு இலையோடு அது நின்றிருக்கவும் கூடும். தோட்டம் முழுக்கப் போயிருக்கவும் கூடும். நீ ஜெயித்தாயா தோற்றாயா என்பதையே யாருக்கும் தெரியாமல் அடித்துவிட்டேன். கிழங்கைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ஏழு வருஷம் காத்திருந்து கேட்ட கேள்விக்கு மண் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது குறுக்கே போய் நான் பதில் சொல்லிவிட்டேன். இதை நான் யோசித்ததே இல்லை, முத்தையா கேட்ட பிறகுதான் உறைத்தது. அவன் காலடியில் கிடந்த சீவல்களைக் கூட்டி ஒதுக்கினான்.

"ஒங்க மகன நம்பிக் கெட்டேன்னு பேச்சி சொல்லிட்டு இருந்தா. நாந்தான் அவள வஞ்சு வாய மூட வச்சேன். ஒங்களையில்ல நம்பிக் கெட்டிருக்கேன்" என்றான். அப்புறம், "ஞாயித்துக்கெழம நானும் வாரேன். முன்னால உக்காந்துக்குவேன். அங்கன வச்சுச் சொல்லுங்க" என்றான். காபி சாப்பிடச் சொல்லவில்லை. அந்த வீட்டில் காபி சாப்பிடாமல் நான் திரும்பினது இதுதான் முதல் தடவை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லத்தான் போகிறேன். நீ வேண்டாம் என்று கையைப் பிடித்தாலும் சொல்வேன். கூட்டத்தை ஒத்திப்போடலாம், எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லலாம் என்றெல்லாம் உனக்கு யோசனை ஓடும். ஓடினால் அதற்கு நான்தான் காரணம், நானும் பத்து மாதம் அப்படித்தான் யோசித்தேன். உன்னை வயிற்றில் சுமந்த அத்தனை நாள் இதையும் சுமந்தாயிற்று, இதற்கு மேல் ஒரு நாள் தாங்காது. நீ எழுந்து பேசுவதற்கு முன்னால் எனக்குக் கால் மணி நேரம் கொடு. அதற்குப் பிறகு உன் மோரைப் பற்றியும் பேசு, வெட்கப்படாதே. இது கேட்குமா கேட்காதா என்று எனக்கு இன்னும் தெரியாது, எல்லோருமாக ஒரு ஓரத்தில் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாம், என் பேச்சைக் கேட்டு முழுத் தோட்டத்தையும் பணயம் வைக்காதீர்கள் என்று சொல். தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு இனிமேல் நின்ற பயிரை மட்டும் காட்டாதே. போனதையும் காட்டு. வந்தவன் வீட்டிலும் ஒரு பேச்சி இருப்பாள்.

மருந்து பட்ட மண் மூன்று வருஷம் ஆற வேண்டும் என்று நீதான் வருகிறவர்களுக்குச் சொல்வாய். அப்படியானால் மேல் அடுக்கை அந்தக் கெடு முடியும் வரை இயற்கை என்று சொல்லி விற்காதே. அங்கே விளைவதைத் தனிக் கூடையில் போட்டு, கேட்கிறவர்களிடம் கதையைச் சொல்லிக் கொடு. வாங்குகிறவர்கள் வாங்கட்டும். டவுனில் சிலர் உன் கூடையை நிறுத்திவிடுவார்கள், அதற்கு என்னைத் திட்டிக்கொள். அந்த மதுரைப் பெண்ணின் நம்பர் உன் போனில் இருக்கும். நீ போட்டுக் கொடு, பேசுகிறவள் நான். முத்தையா நிலத்தில் வருகிற பட்டத்துக்குக் களை எடுக்கவும் மண் அணைக்கவும் நான் போகிறேன் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான். சொல்லாமல் மண்வெட்டியோடு போய் நிற்கப் போகிறேன், விரட்டினால் வரப்பில் உட்கார்ந்திருப்பேன். உனக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறவர்கள் இதைக் கேள்விப்பட்டால் இன்னும் கொஞ்சம் யோசிப்பார்கள். இப்படிப்பட்ட மாமியார் இருக்கிற வீட்டுக்குத் தெரிந்தே வருகிறவள்தான் உனக்கும் சரிப்படுவாள்.

நீ மறுபடியும் கிழங்கு நட வேண்டும். பயந்துபோய் விட்டுவிடாதே, அதை மட்டும் நான் பொறுக்க மாட்டேன். இந்த ஆவணியிலேயே நடு அடுக்கில் நடு. ஐப்பசியில் மஞ்சு இறங்கும், எனக்குத் தெரியும். அது இறங்குகிற அன்றைக்கு நான் பை எடுத்துக்கொண்டு பழனிக்குப் பஸ் ஏறிவிடுவேன். மூன்று நாள் அடிவாரத்தில் இருப்பேன். இருபத்து மூன்று வருஷமாக எந்த மூன்று நாளை நினைத்துப் பயந்தேனோ அதே மூன்று நாள். எனக்குப் போன் செய்யாதே, இலை எப்படி இருக்கிறது என்று நானும் கேட்க மாட்டேன். திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அந்த நாற்றம் அடித்தால் அடிக்கட்டும். பஞ்சாமிர்தத்தைத் தின்றுவிட்டு இரண்டு பேருமாகச் சேர்ந்து செடியைப் பிடுங்குவோம். அடிக்காவிட்டால், ஜெயித்தது நீ என்று அன்றைக்கு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், முத்தையாவுக்கும் தெரியும்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெட்டிக்குள் டையோடு சேர்த்துப் பூட்டி வைக்காதே. கொட்டகைச் சுவரில், எல்லோரும் போட்டோ எடுக்கிற அந்த இடத்தில் ஒட்டு. உனக்கு எழுதினதுதான், ஆனால் தோட்டம் பார்க்க வருகிற யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

எழுதி முடித்துவிட்டு இப்போதுதான் கொட்டகைக்குப் போய்வந்தேன். ஸ்பிரேயர் ஆணியில்தான் இருக்கிறது, தொடவில்லை. கரும்பலகையில் 'ஏழு ஆண்டுகள்' என்று நீ எழுதியிருந்ததை மட்டும் முந்தானையால் அழித்துவிட்டு, உன் சாக்பீஸை எடுத்து 'பத்து மாதம்' என்று எழுதியிருக்கிறேன்.

அம்மா